வாடகையும் வாகனச் சான்றிதழும்: ஹாங்காங், சிங்கப்பூர் வாழ்க்கைச் செலவு குறித்து

உலகின் செலவு மிகுந்த நகரங்களை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தி வெளியிடும் அமைப்புகளுள் மெர்சர் என்னும் ஆலோசனை நிறுவனமும், 'தி எக்கனாமிஸ்ட்' இதழின் குழுமத்தைச் சேர்ந்த எக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்னும் ஆய்வுப் பிரிவும் முதன்மையானவை. 2023-ஆம் ஆண்டுக்கு இவை வெளியிட்ட இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மெர்சரின் கணக்கில் ஹாங்காங் முதலிடத்திலும் சிங்கப்பூர் இரண்டாமிடத்திலும் நிற்பதும், மற்றதில் சிங்கப்பூர் சூரிக் நகரத்துடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொள்ள ஹாங்காங் ஐந்தாமிடத்தில் இருப்பதும் தெரியவரும். நான்காண்டுகளுக்கு முன், 2019-இல், அதே ஆய்வுப் பிரிவு சிங்கப்பூர், ஹாங்காங், பாரிஸ் ஆகிய மூன்றையும் முதலிடத்தில் ஒன்றாக வைத்திருந்தது. ஹாங்காங்கும் சிங்கப்பூரும் முன்னாள் பிரித்தானியத் துறைமுகங்கள். இரண்டும் உணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குபவை. இரண்டிலும் சீனர்களே பெரும்பான்மையர். நிலப்பரப்போ இரண்டுக்கும் குறைவு. இத்தனை ஒற்றுமை உள்ள இரண்டு ஊர்களில் எது கூடுதல் செலவுடையது என்னும் நேரடியான வினாவுக்கு ஒரே ஆண்டில் இருவேறு விடைகள் கிடைப்பதற்குக் கணக்கிடும் முறை ஒரு காரணம் என்றால், யாருடைய செலவு கணக்கிடப்படுகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இப்பட்டியல்கள் தோன்றிய நோக்கத்தை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பன்னாட்டு நிறுவனமொன்று தன் அதிகாரியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்பும்போது அவருக்கு எவ்வளவு ஈட்டுப்படி தர வேண்டும் என்று கணக்கிடுவதற்காகவே இவை பெரிதும் பயன்படுகின்றன. நியூயார்க் நகரத்தின் விலைமட்டத்தை 100 எனக் கொண்டு, அதற்கு மேலோ கீழோ பிற நகரங்கள் வைக்கப்படுகின்றன. விலை திரட்டப்படும் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களுள் ரொட்டி, ஆடை, போக்குவரத்துடன் தனியார் பள்ளிக் கட்டணம், வீட்டுப் பணியாளர் சம்பளம் போன்றவையும் இடம்பெறுகின்றன. அந்த ஊரிலேயே பிறந்து, அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்து, மானிய விலை வீட்டில் வாழும் ஒருவருக்கு இந்தக் கூடையில் பாதி அந்நியமானது.

எல்லா விலைகளும் அமெரிக்க டாலருக்கு மாற்றப்பட்டே ஒப்பிடப்படுவதால் நாணய மாற்று விகிதமும் தரவரிசையை அசைக்கிறது. ஜப்பானிய யென் சரிந்த 2022-இல் டோக்கியோவும் ஒசாகாவும் எக்கனாமிஸ்ட் பட்டியலில் வெகுவாகக் கீழிறங்கின. டோக்கியோவில் யென்னில் சம்பளம் வாங்கி யென்னில் வாடகை கொடுப்பவருக்கு அதனால் வாழ்க்கை மலிவாகிவிடவில்லை. ஹாங்காங் டாலர் 1983 அக்டோபர் முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 7.80 என்னும் விகிதத்தில் பிணைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க டாலர் வலுத்தால், ஹாங்காங் கடைத்தெருவில் எந்த விலையும் மாறாமலேயே அந்நகரம் பட்டியலில் மேலேறும். சிங்கப்பூர் வேறு வழியைக் கைக்கொண்டது. அதன் நாணய வாரியம் 1981 முதல் பல நாணயங்களின் தொகுப்புக்கு எதிராக, வெள்ளி எனப்படும் தன் டாலரின் மதிப்பை நெறிப்படுத்தி, இறக்குமதி விலையேற்றம் உள்ளூருக்குள் அப்படியே இறங்கிவிடாமல் தடுக்க முயல்கிறது. வெள்ளி வலுக்கும்போது உள்ளூர்வாசிக்கு இறக்குமதிப் பொருள் மலிவாகிறது. பட்டியலிலோ அதே காரணத்தால் ஊர் செலவு மிகுந்ததாகத் தோன்றுகிறது.

ஆகவே இவ்விரு நகரங்களையும் ஒப்பிடுவதற்குத் தரவரிசையைவிடப் பயனுள்ள வினா வேறொன்று உண்டு. ஒவ்வொரு நகரமும் தன் மக்களிடமிருந்து தனக்குரிய தொகையை வாழ்க்கையின் எந்த இடத்தில் வசூலிக்கிறது என்பதே அது. ஹாங்காங் வீட்டு வாசலில் வசூலிக்கிறது. சிங்கப்பூர் சம்பளச் சீட்டிலும் சாலையிலும் வசூலிக்கிறது. இந்த வேறுபாட்டின் வேர் நிலத்தில் இருக்கிறது.

இரண்டு நகரங்களின் பொது வீடமைப்பு வரலாற்றிலும் ஒரு தீவிபத்து திருப்புமுனையாக நிற்பது வியப்பான ஒற்றுமை. 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஹாங்காங்கின் ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதியில் பரவிய தீ, சீனப் பெருநிலத்திலிருந்து வந்து குடியேறியிருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒரே இரவில் வீடற்றவர்களாக்கியது. அவர்களுக்காக எழுந்த மறுகுடியமர்த்தல் அடுக்குமாடிகளிலிருந்தே அங்கே பொது வாடகை வீடுகள் தொடங்கின. 1961 மே 25 அன்று சிங்கப்பூரின் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதியில் பற்றிய தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது அந்நாட்டுத் தமிழர் சுருக்கமாக வீவக என்று குறிப்பிடும் அரசு அமைப்பு, நிறுவப்பட்டிருந்தது. எரிந்த நிலத்திலேயே அது அடுக்குமாடிகளைக் கட்டியெழுப்பியது.

தொடக்கம் ஒத்திருந்தாலும் பாதைகள் விரைவிலேயே பிரிந்தன. சிங்கப்பூர் 1964-இல் வாடகைக்குக் கொடுப்பதிலிருந்து சொந்தமாக விற்பதற்குத் திரும்பியது. 1966-இல் நிலக் கையகப்படுத்தல் சட்டத்தை இயற்றியது. 1968-இல் மத்திய சேம நிதியில் இருக்கும் சொந்தச் சேமிப்பைக் கொண்டு வீவக வீட்டுக்குப் பணம் கட்ட அனுமதித்தது. சந்தை விலைக்கு வெகுவாகக் குறைந்த இழப்பீட்டில், 1973-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பின் அவ்வாண்டின் விலையையே உச்சவரம்பாகக் கொண்டு, தனியார் நிலங்கள் அரசின் கைக்கு வந்தன. இன்று நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசுடையது. சந்தை மதிப்பையே இழப்பீடாகத் தரும் முறை 2007-இல்தான் வந்தது. இன்றைய மலிவு வீட்டின் அடித்தளத்தில் அன்றைய நிலவுடைமையாளர் பெறாமல் போன தொகை புதைந்திருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

ஹாங்காங்கிலும் நிலம் அரசுடையதுதான். புனித ஜான் பேராலயம் நிற்கும் மனையைத் தவிர மற்றவை யாவும் குத்தகை நிலங்களே. ஆனால் அங்கே அரசு தன் நிலவுடைமையைக் கருவூலமாகப் பயன்படுத்தியது. கட்டட நிறுவனங்களுக்குக் குத்தகையை ஏலத்திலோ ஒப்பந்தப்புள்ளியிலோ விற்கும்போது கிடைக்கும் முன்தொகை பொதுப்பணிகளுக்கு நிதியாகிறது. அதனால் வருமானத்தின் மீது உயர்ந்த வரி போடத் தேவையில்லாமல் போகிறது. சம்பள வரியின் பொது விகிதம் நெடுங்காலம் 15 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்ததும், பொருள்களின் மீது விற்பனை வரியே இல்லாதிருப்பதும் இந்த ஏற்பாட்டின் மறுபக்கம். 2006-இல் பொருள் சேவை வரி ஒன்றை அறிமுகப்படுத்த அரசு முன்வைத்த யோசனை மக்கள் எதிர்ப்பால் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. வரி கட்டாத மகிழ்ச்சியில் இருப்பவர் மாதந்தோறும் வாடகையாகவோ தவணையாகவோ அந்த வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். நிலவிலை விழுந்தால் அரசே தள்ளாடும் என்பது இம்முறையின் இன்னொரு விளைவு: 2017-18 நிதியாண்டில் 16,000 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டியிருந்த நில வருவாய், 2023-24-இல் 2,000 கோடிக்கும் கீழே இறங்கியது. நிலத்தை மலிவாக்கும் அரசு தன் கருவூலத்தின் கதவைத் தானே சாத்திக்கொள்ளும் நிலையில், வீட்டு விலை இறங்க வேண்டும் என்ற விருப்பம் அங்கே எந்த ஆட்சியாளருக்கும் முழுமனத்தோடு வந்திருக்க முடியாது.

நிலம் பற்றாக்குறையானது என்ற வழக்கமான விளக்கத்தையும் அப்படியே ஏற்க இயலாது. ஹாங்காங்கின் பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைவிட ஒன்றரை மடங்கு. மக்கள்தொகை 75 இலட்சம், சிங்கப்பூரில் 60 இலட்சம். ஹாங்காங்கின் மொத்த நிலத்தில் கட்டடங்களும் சாலைகளும் அமைந்திருப்பது கால் பங்கு அளவே. மலைச்சரிவுகளையும், 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காக்கப்படும் வனப் பூங்காக்களையும் கழித்த பிறகும் நிலம் எவ்வளவு வேகமாக ஏலத்துக்கு வருகிறது என்பது கொள்கை முடிவாகவே இருந்து வந்திருக்கிறது. ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைப்பது குறித்த 1984-ஆம் ஆண்டின் சீன-பிரித்தானியக் கூட்டறிக்கை, பொது வாடகை வீட்டுக்கான நிலம் நீங்கலாக, ஆண்டுக்கு 50 ஹெக்டேருக்கு மேல் புதுக்குத்தகை கொடுக்கக் கூடாதென்று வரம்பிட்டது. 1997-இல் பொறுப்பேற்ற முதல் தலைமை நிர்வாகி துங் சீ ஹ்வா ஆண்டுக்கு 85,000 வீடுகள் கட்டுவதாக அறிவித்த அதே ஆண்டில் ஆசிய நிதி நெருக்கடி ஹாங்காங்கைத் தாக்கியது. 2003-க்குள் வீட்டு விலைகள் பாதிக்கு மேல் சரிந்தன. கடன் வாங்கி வீடு வாங்கியிருந்த நடுத்தர வர்க்கத்தினர் வெகுண்டெழ, அந்த இலக்கும் மானிய விலையில் வீடு விற்கும் திட்டமும் கைவிடப்பட்டன. அத்திட்டம் 2011-இல் மீண்டும் உயிர்பெறுவதற்குள், நாணயப் பிணைப்பின் வழியாக அமெரிக்காவின் மிகக் குறைந்த வட்டி விகிதம் ஹாங்காங்குக்குள் வந்து சேர்ந்திருந்தது. குறைந்த வீடுகளை மலிவான கடன் துரத்தியது.

இதன் விளைவை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. நகரத்தில் விற்கப்படும் வீடுகளின் நடுமதிப்பை ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தின் நடுமதிப்பால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே அது. நடுமதிப்பு என்பது எல்லாவற்றையும் ஏறுவரிசையில் அடுக்கினால் சரியாக நடுவில் நிற்பது. 2021-ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு டெமோகிராஃபியா என்னும் ஆய்வமைப்பு கணித்தபடி, இந்த எண் ஹாங்காங்கில் 23.2, சிங்கப்பூரில் 5.8. அதாவது, உண்ணாமல் உடுக்காமல் வருமானம் முழுவதையும் சேர்த்தாலும் ஹாங்காங் குடும்பத்துக்கு வீடு வாங்க இருபத்துமூன்று ஆண்டுகள் வேண்டும். அதற்குப் பின் ஹாங்காங் விலைகள் கால் பங்குக்கு மேல் இறங்கியிருந்தாலும் இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு அழிந்துவிடவில்லை. வாங்கப்படும் பொருளும் ஒன்றன்று: ஹாங்காங்கில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒருவருக்குக் கிடைக்கும் வசிப்பிடத்தின் நடுமதிப்பு 16 சதுர மீட்டர், சிங்கப்பூரில் வழக்கமான வீவக நாலறை வீடு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். ஒரே வீட்டைத் தடுப்புச்சுவர்களால் பிரித்து நான்கைந்து குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் வழக்கத்துக்கு ஹாங்காங்கின் கன்டோனிய மொழியில் வழங்கும் பெயர், விலங்கின் வயிற்றைக் கிழிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அவ்வாறு கிழிக்கப்பட்ட அறைகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர்.

சிங்கப்பூரில் குடியிருப்பாளர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை அங்கு வாழ்வோருக்கே உடைமையானவை. ஆனால் இந்த உடைமை 99 ஆண்டுக் குத்தகைதான். குத்தகை முடிந்ததும் வீடு இழப்பீடின்றி அரசிடம் திரும்பும் என்பதை 2017-இல் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் நினைவூட்டியபோது, பழைய வீடுகளுக்கு உயர்ந்த விலை கொடுத்து வாங்கியிருந்தோர் திடுக்கிட்டனர். மறுவிற்பனைச் சந்தையும் அமைதியாக இல்லை: 2024-இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீவக வீடுகள் பத்து இலட்சம் வெள்ளிக்கு மேல் கைமாறின. இந்த வீடுகளுக்கான தவணை பெரும்பாலும் சேம நிதியிலிருந்து போவதால் கையில் வாங்கும் சம்பளத்தில் அதன் சுமை தெரிவதில்லை. 55 வயதுக்குட்பட்ட தொழிலாளியின் ஊதியத்தில் 20 விழுக்காட்டைத் தொழிலாளியும், அதற்கு மேல் 17 விழுக்காட்டை முதலாளியும் அந்நிதியில் கட்டாயமாகச் செலுத்துகின்றனர். வரம்பிற்குட்பட்ட ஊதியத்துக்கு இது பொருந்தும். ஹாங்காங்கின் கட்டாய ஓய்வுநிதிக்கு இரு தரப்பும் செலுத்துவது ஐந்து ஐந்து விழுக்காடுதான். சேம நிதிச் சேமிப்பு வரியாகாது என்று பொருளியலாளர் கூறுவது சரியே. எனினும் மாத இறுதியில் கையிலிருக்கும் பணத்தை எண்ணுபவருக்கு அந்த நுணுக்கத்தால் ஆறுதல் கிடைப்பதில்லை.

சிங்கப்பூர் பட்டியல்களில் மேலேறுவதற்குப் பெரிய உந்துதல் மகிழுந்து. 1990 மே மாதத்திலிருந்து அங்கே வண்டி வைத்திருக்க விரும்புவோர் முதலில் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அச்சான்றிதழ் பத்தாண்டுகள் மட்டுமே செல்லும்; எத்தனை சான்றிதழ்கள் ஏலத்துக்கு வரும் என்பதை அரசு தீர்மானிக்கிறது; 2018 பிப்ரவரி முதல் மகிழுந்துகளின் மொத்த எண்ணிக்கை வளர்ச்சியைச் சுழியமாக நிறுத்தி வைத்திருக்கிறது. 2023 அக்டோபரில் சிறிய வகை மகிழுந்துக்கான சான்றிதழ் ஒரு இலட்சம் வெள்ளியையும் பெரிய வகைக்கானது ஒன்றரை இலட்சம் வெள்ளியையும் தாண்டின. வண்டியின் விலை, பதிவுக் கட்டணம், சாலைக் கட்டணம் யாவும் இதற்கு மேல். மதுவும் இப்படித்தான். ஹாங்காங் 2008-இல் திராட்சை மதுவுக்கும் பியருக்கும் தீர்வையை அறவே நீக்கிவிட்டது. சிங்கப்பூரில் ஒயினிலும் கடும் மதுவிலும் உள்ள ஒவ்வொரு லிட்டர் ஆல்கஹாலுக்கும் 88 வெள்ளி தீர்வை. 1994-இல் 3 விழுக்காடாகத் தொடங்கிய பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. மகிழுந்தில் வந்திறங்கி ஒயின் அருந்தும் வெளிநாட்டு அதிகாரிக்குச் சிங்கப்பூர் ஏன் தாங்க முடியாத ஊராகத் தெரிகிறது என்பதும், பெருவிரைவு ரயிலில் வேலைக்குப் போய் உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டு வீடு திரும்பும் குடிமகனுக்கு அந்தப் பட்டியல் ஏன் பிற ஊர்ச் செய்தி போலத் தோன்றுகிறது என்பதும் இங்கே விளங்கும்.

ஹாங்காங்கில் மகிழுந்துக்கு ஏலம் இல்லை. ஏறுமுகமான முதற்பதிவு வரி மட்டும் உண்டு. வண்டியை நிறுத்தத்தான் இடமில்லை. 2021-இல் அந்நகரத்தின் பீக் மலைப்பகுதியில் ஒரு வண்டி நிறுத்துமிடம் ஒரு கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலைபோயிற்று. வாகனச் செலவும் கடைசியில் நிலச் செலவாகவே முடிகிறது.

பொதுப் போக்குவரத்தையும் அன்றாட உணவையும் பொறுத்தவரை நீண்ட ஒப்பீடு தேவையில்லை. இரண்டு நகரங்களிலும் ரயிலும் பேருந்தும் தரமானவை, வருமானத்தோடு ஒப்பிட்டால் மலிவானவை. உணவில் மட்டும் ஒரு கிளைக்கதை உண்டு. தெருவோர வியாபாரிகளை இரு அரசுகளும் ஒழுங்குபடுத்தின. சிங்கப்பூர் அவர்களை அரசு கட்டிய உணவங்காடி நிலையங்களுக்குள் குடியேற்றி, வாடகையைக் கட்டுக்குள் வைத்து, 2020-இல் அந்தப் பண்பாட்டுக்கு யுனெஸ்கோவின் அங்கீகாரத்தையும் பெற்றது. ஹாங்காங்கின் திறந்தவெளிச் சாப்பாட்டுக் கடைகளோ புதிய உரிமம் கிடைக்காமல் ஏறத்தாழ அருகிவிட்டன. எளியோர் உணவு பெரும்பாலும் தனியார் வாடகை கொடுக்கும் சிறுகடைகளுக்கு மாறியது. ஒரு கிண்ணம் நூடுல்ஸின் விலைக்குள்ளும் கடை வாடகை கலந்திருக்கிறது.

அரசுகள் தாமே வெளியிடும் விலைக் குறியீடுகளிலும் இந்த அமைப்பு வேறுபாடு பதிந்திருக்கிறது. ஹாங்காங்கின் 2019-20 அடிப்படையிலான தொகுப்புக் குறியீட்டில் வீட்டுச் செலவின் எடை மட்டும் ஏறத்தாழ 40 விழுக்காடு. சிங்கப்பூரின் 2019 அடிப்படையிலான குறியீட்டில் வீட்டுச் செலவும் மின்சாரம், தண்ணீர் போன்றவையும் சேர்ந்தே நான்கில் ஒரு பங்கு. சிங்கப்பூர் நாணய வாரியம் கூர்ந்து கவனிக்கும் மூலாதாரப் பணவீக்கம் என்னும் அளவீடு, தங்குமிடச் செலவையும் தனியார் வாகனச் செலவையும் விலக்கிவிட்டே கணக்கிடப்படுகிறது. கொள்கை முடிவுகளுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். எங்கே அதிகம் வசூலிக்கப்படுகிறதோ அந்த இடங்கள் கணக்குக்கு வெளியே நிற்கின்றன என்பதும் உண்மைதான்.

மேற்சொன்ன மலிவுகளில் பெரும்பாலானவை கதவு போட்டவை. சிங்கப்பூரில் மணமாகாத குடிமகன் 35 வயது நிறையும் வரை தனியாக வீவக வீடு வாங்க இயலாது. அதுவரை பெற்றோர் வீட்டில் இருக்க வேண்டும், இல்லையேல் சந்தை வாடகை கொடுக்க வேண்டும். வீடு வாங்கும் வெளிநாட்டவர் 2023 ஏப்ரலிலிருந்து கூடுதல் முத்திரைத் தீர்வையாக விலையில் 60 விழுக்காடு கட்டுகிறார். ஒரே அரசுப் பள்ளியின் ஒரே வகுப்பில் குடிமக்களின் பிள்ளைக்கு மாதம் சில வெள்ளியும், வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பல நூறு வெள்ளியும் கட்டணமாகின்றன. ஹாங்காங்கில் கதவுக்குப் பதிலாக வரிசை இருக்கிறது: பொது வாடகை வீட்டுக்குக் காத்திருக்கும் சராசரிக் காலம் 2022-இல் ஆறு ஆண்டுகளைத் தாண்டியது. வீடு கிடைத்தவருக்கு ஹாங்காங் மலிவான ஊர். பக்கத்துத் தெருவில் பிரிக்கப்பட்ட அறையில் காத்திருப்பவர், சதுர மீட்டர் கணக்கில் பார்த்தால், வசதியானவரைவிடக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடும். மருத்துவத்தில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. ஹாங்காங்கின் அரசு மருத்துவமனைகளில் உள்ளூர்வாசிக்குப் படுக்கைக் கட்டணம் 2017 முதல் 2025 இறுதி வரை நாளொன்றுக்கு 120 ஹாங்காங் டாலர் மட்டுமே, மருந்தும் சிகிச்சையும் பெரும்பாலும் அதற்குள் அடக்கம். சிங்கப்பூரில் 1984-இல் தொடங்கிய மெடிசேவ் சேமிப்புக் கணக்கிலிருந்தும் காப்பீட்டிலிருந்தும் நோயாளி தன் பங்கைச் செலுத்த வேண்டும்.

இரு நகரங்களுக்கும் பக்கத்தில் மலிவான அண்டை ஊர் இருப்பது இவற்றின் விலைவாசியைத் தாங்கக்கூடியதாக்கும் முக்கியக் காரணம். பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்டிருந்த எல்லை 2023 தொடக்கத்தில் மீண்டும் திறந்த பிறகு, வார இறுதியில் சீனப் பெருநிலத்தின் ஷென்ஜென் நகரத்துக்குச் சென்று சாப்பிட்டு, பல் மருத்துவரைப் பார்த்து, மளிகை வாங்கித் திரும்புவது ஹாங்காங் மக்களின் வழக்கமாகி, உள்ளூர்க் கடைக்காரர்களைக் கவலையில் ஆழ்த்தியது. சிங்கப்பூரர்கள் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாரு செல்கிறார்கள். மலேசியாவின் மலிவான பெட்ரோலை நிரப்பி வருவதைத் தடுக்க, சிங்கப்பூரில் பதிவான மகிழுந்து நாட்டைவிட்டு வெளியேறும்போது அதன் தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எதிர்த்திசையில், நாள்தோறும் விடியலுக்கு முன் ஜொகூரிலிருந்து கிளம்பி வந்து சிங்கப்பூர் வெள்ளியில் சம்பாதித்து, மலேசிய ரிங்கிட்டில் வாடகை கொடுப்போர் இருக்கிறார்கள்.

சம்பாதிப்பது ஓர் ஊரிலும் செலவழிப்பது இன்னோர் ஊரிலுமான இந்தப் பிரிவினையின் கடைக்கோடியில் நிற்பவர்கள் எல்லைக்கு அப்பால் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். ஹாங்காங்கில் முதலாளியின் வீட்டிலேயே தங்கும் பிலிப்பினோ, இந்தோனேசிய இல்லப் பணிப்பெண்களுக்கு நகரத்தின் பொதுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. தனியாக நிர்ணயிக்கப்பட்ட அவர்களின் அடிமட்ட ஊதியம் 2024-இல் மாதம் 4,990 ஹாங்காங் டாலர். சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் வங்காளதேசத் தொழிலாளர்களும் தமிழகத் தொழிலாளர்களும் நகர விளிம்பிலுள்ள தங்குவிடுதிகளில் வாழ்கின்றனர். 2020 ஏப்ரலில் நோய்த்தொற்று அவ்விடுதிகளுக்குள் பரவிய பிறகே ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது அந்நாட்டில் பொதுப்பேச்சானது. சிங்கப்பூரின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஆகியோரின் குடும்பங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. தங்குவிடுதி அதில் குடும்பமாகாது. அங்கே சம்பளம் வாங்கும் ஒருவரின் வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வேலைக்கு வருவதற்கு முகவரிடம் கொடுத்த பணத்துக்கான வட்டி ஆகியவை புதுக்கோட்டையிலோ திருவாரூரிலோ வீட்டார் கையால் ரூபாயில் செலுத்தப்படுகின்றன.